பெட்டர் என்று சொல்லக் கூடாத கடை

எனக்கு வேண்டியிருந்தது இங்கிலீஷ் இல்லை. ஒரு நாற்காலி. அது எங்கள் கடையின் மேல்மாடியில் கண்ணாடி அறைக்குள் இருந்தது. முதுகுக்குச் சாய்மானம், கைக்குத் தாங்கல், அடியில் உருளும் சக்கரம். அதில் உட்கார வேண்டுமென்றால் சேலையை இங்கிலீஷில் வர்ணிக்கத் தெரிய வேண்டும், ஒரு சேலையை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் நாற்பது வயதைத் தொடப்போகிற காலத்தில், 'சாஃப்ட், சாஃப்டர், சாஃப்டஸ்ட்' என்று முணுமுணுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்கும் டவுனுக்கும் ஷேர் ஆட்டோவில் போய்வருகிற பைத்தியமாக ஆனேன்.

நான் வேலை பார்ப்பது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடை. பெயர் எதற்கு, எந்தக் கடைக்குள் போனாலும் இதே கதைதான். கீழ்த்தளத்தில் முகூர்த்தச் சேலைப் பகுதி என்னுடையது. நீளமான கவுன்டர். அதற்கு அந்தப் பக்கம், வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள். இந்தப் பக்கம், எங்களுக்கு நிற்கிற இடம். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். யாரும் வராத நேரத்தில் அலமாரியில் முதுகைச் சாய்த்தால்கூட, கல்லாவில் இருக்கும் முதலாளியின் மூக்குக் கண்ணாடி இந்தப் பக்கம் திரும்பும். சாப்பாட்டு நேரத்தில் குடோன் படிக்கட்டில் உட்காருவோமே, அதுதான் உட்கார்தல். கல்யாண மாதங்களில் அதுவும் கிடையாது, வாயில் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும்.

என் இடது காலில் முழங்காலுக்குக் கீழே நரம்பு முறுக்கிக்கொண்டு புடைத்துவிட்டது. சாயங்காலம் ஆனால் பாதம் செருப்புக்குள் போகாது. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, நிற்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் பாருங்கள். பட்டுக் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை இரண்டுதான். ஒன்று கல்லா, அதில் முதலாளி இருக்கிறார். இன்னொன்று இந்த மேல்மாடி நாற்காலி.

வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பெண்கள் வீடியோவில் கூப்பிட்டுச் சேலை எடுக்கிற காலம் இது. முதலாளி கண்ணாடி அறை கட்டினார், வட்டமாக எரிகிற விளக்கு வாங்கினார், கேமரா வாங்கினார், அந்த நாற்காலியையும் வாங்கினார். உட்கார ஆள்தான் வேண்டும். சேலை தெரிந்து, கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தவர்கள் என்று தேடியபோது இரண்டு பேர் அகப்பட்டோம். ஒருத்தி நான். பிளஸ் டூவரை படித்தவள், கோவில் பார்த்துவிட்டு வரும் வெள்ளைக்காரர்களை ஓட்டை இங்கிலீஷில் சமாளிக்கிறவள். இன்னொருத்தி ஏனாத்தூர்ப் பக்கம் காலேஜில் படித்துவிட்டு இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்த பெண். சின்ன வயசு, துறுதுறு என்று இருப்பாள், நாள் முழுக்க நின்றாலும் மான்குட்டி மாதிரி படியேறி இறங்குவாள். அவளுக்கு எதற்கடி நாற்காலி என்று என் மனசு கேட்டது. வாய் திறந்து கேட்க முடியுமா?

சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயசு இருக்கலாம். நல்ல பெண்தான், என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டாள். முதல் நாள் ஒரு சேலையை விரித்துப் போட்டு, இதை வர்ணியுங்கள் என்றாள். நான் 'குட் சாரி' என்றேன். இன்னும் கொஞ்சம் என்றாள். 'வெரி குட் சாரி' என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

எங்கள் ஊரில் சேலையைக் கையில் வாங்கினால் கை கொஞ்சம் இறங்க வேண்டும். 'கனமா இருக்குது' என்று ஒருவர் சொன்னால், அது பட்டுக்கும் ஜரிகைக்கும் சேர்த்துக் கொடுக்கிற மரியாதை. அதனால் அடுத்த சேலைக்குப் பெருமையாக 'வெரி ஹெவி சாரி' என்றேன். அந்தப் பெண் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஹெவி என்று கேட்டாலே வெளிநாட்டுப் பெண்கள் பயந்து ஓடிவிடுவார்களாம். 'ரிச்' என்று சொல்ல வேண்டுமாம். சரி, ரிச்.

நிறத்துக்கு வந்தபோதுதான் மண்டை காய்ந்தது. எனக்குச் சிவப்பு என்றால் அரக்கு இருக்கிறது, குங்குமம் இருக்கிறது, மிளகாய்ப்பழம் இருக்கிறது, மாதுளை இருக்கிறது, செங்கல் இருக்கிறது, தக்காளி இருக்கிறது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்றை யாரும் எடுத்துவர மாட்டார்கள். இங்கிலீஷில் எனக்குக் கிடைத்தது ரெட், டார்க் ரெட், லைட் ரெட். 'வெரி டார்க் ரெட், பட் நாட் தட் டார்க்' என்று நான் திணறிக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்னப் பெண் 'மெரூன்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கத்திரிப்பூ நிறம் எனக்குத் தெரியும், மயில் கழுத்து நிறம் தெரியும், இருபது அடி தள்ளி நின்றே வாடாமல்லியையும் மாதுளையையும் பிரித்துச் சொல்வேன். என்ன பிரயோஜனம்? வாயைத் திறந்தால் 'பர்ப்பிள்'தான் வருகிறது. இத்தனை வருஷம் பேசிப் பேசி விற்றவள், ஊமை மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

இதையெல்லாம்கூடக் கற்றுக்கொண்டிருப்பேன். வார்த்தைதானே, மனப்பாடம் செய்தால் வந்துவிடும். என்னால் முடியாமல் போனது ஒப்பிடுவது.

இரண்டு சேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது எதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றாள் சென்னைப் பெண். நான் சேலையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். என் வாயில் வரவில்லை. பெட்டர் என்ற வார்த்தை தெரியாமல் இல்லை. அது எங்கள் கவுன்டரில் சொல்லக் கூடாத வார்த்தை.

முகூர்த்தச் சேலை எடுக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து வருவார்கள். எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. கட்டப்போவது பெண். கூடவே வந்து, எடுத்துக் கொடுக்கிற சேலையைக் கண்ணாலேயே எடை போடுவது பெண்ணின் அம்மா. நடுவில் நான். மாப்பிள்ளையின் அம்மா ஒரு சேலையைக் கையில் எடுத்த பிறகு, அதைவிட இது நல்லா இருக்குது என்று நான் வேறொன்றைக் காட்டினால் என்ன ஆகும்? எங்கள் பெண்ணுக்கு மட்டமானதைக் கட்டப் பார்த்தார்கள் என்று பெண் வீடு ஊர் முழுக்கச் சொல்லும். கல்யாணம் முடிந்து, பிள்ளை பிறந்து, அதற்குக் காது குத்துகிற நாள்வரை அந்தப் பேச்சு ஓயாது. இப்படி ஒரு வார்த்தையால் எங்கள் கவுன்டரிலேயே எழுந்து நின்று சண்டை போட்டுக்கொண்டு, சேலை எடுக்காமல் இரண்டு வேனில் தனித்தனியாகப் போன கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, இவர்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிற சேலையை நாளைக்கு வேறொரு பெண் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள். அவள் சேலையின்மேல் நான் எதற்கு ஒரு கெட்ட வார்த்தையைப் போட வேண்டும்?

அதனால் எங்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. மங்கலான நிறத்தை மங்கல் என்று சொல்ல மாட்டோம், அமைதியான கலர் என்போம். மெலிசான சேலையை, கட்டினால் கனமே தெரியாது என்போம். ரொம்ப நாளாக விற்காததை, இந்த டிசைன் இப்போது யாரும் போடுவதில்லை என்போம். இல்லை என்ற வார்த்தையே வராது. கேட்ட நிறம் இல்லாவிட்டால், அது வந்துக்கினு இருக்குதும்மா, அதுவரைக்கும் இதப் பாருங்க என்போம். எது நல்லது என்று நேராகவே கேட்டுவிட்டால், 'ரெண்டும் நல்லாத்தான் இருக்குதும்மா, உங்க மனசு எதுல நிக்குதோ அதான் உங்களுது' என்று சொல்லிவிட்டுப் புன்னகையோடு நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் நாக்கு இப்படியே படிந்துவிட்டது.

இதைச் சென்னைப் பெண்ணிடம் சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு ஒன்று சொன்னாள்.

"அங்க இருக்கறவங்களால தொட்டுப் பார்க்க முடியாதுக்கா. உங்க வாய்தான் அவங்களுக்குக் கை."

நியாயமாகத்தான் பேசினாள். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் கோபப்படவும் வழியில்லாமல் போகும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது தனி எரிச்சல்.

முதல் பரீட்சைக்கு நிஜமான ஒரு வாடிக்கையாளரையே விட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் பெண், தனியாகத்தான் பேசினாள். என்னை ஆன்ட்டி என்றாள். நான் அந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். என்ன சொல்வது, கால் இரண்டும் எனக்கு நன்றி சொன்னது. முதுகு சாய்ந்ததும் கண் செருகியது. ஐந்து நிமிஷத்தில் இடது காலின் விண்விண் அடங்கியது. எப்படியாவது இதைப் பிடித்துவிட வேண்டும் என்று அப்போதுதான் வெறி வந்தது.

மனப்பாடம் செய்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ரிச் பார்டர், சாஃப்ட் சில்க், பிரைட் கலர். எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்தப் பெண் கடைசியில் ஒரு பச்சையையும் ஒரு நீலத்தையும் வைத்துக்கொண்டு, எது பெட்டர் என்றாள். 'போத் ஆர் குட், மேம்' என்றேன். அது சரி, எது பெட்டர் என்றாள். 'போத் வெரி குட்' என்றேன். நேராகச் சொல்லுங்கள், நான் என்ன நினைத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். உங்கள் மனசு எதில் நிற்கிறதோ அதுதான் உங்களுடையது என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். 'யுவர் மைண்ட் ஸ்டாண்டிங்' என்று ஆரம்பித்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். அப்புறம் பேசுகிறேன் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து போனாள். அப்புறம் பேசவில்லை.

நான் எதையோ மறைக்கிறேன் என்று அந்தப் பெண் நினைத்தாளாம். ஏதோ ஒரு சேலையில் குறை இருக்கிறது, இந்தக் கடைக்காரி சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று எழுதி அனுப்பியிருந்தாளாம். குறை சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டவளுக்குத் திருட்டுப் பட்டம்.

இன்னொரு தடவை தருகிறேன் என்றாள் சென்னைப் பெண். வீட்டுக்குப் போய் எதைப் பார்த்தாலும் ஒப்பிடுங்கள், நாக்கு பழகிவிடும் என்றாள். பழக்கினேன். மின்விசிறியை ஒப்பிட்டேன், பஸ்ஸை ஒப்பிட்டேன், எதிர்வீட்டுக் கோலத்தை என் கோலத்தோடு ஒப்பிட்டேன். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த பெண்கள் இரண்டு பேரில் யார் குண்டு, யார் 'குண்டர்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. இன்றைய இட்லி நேற்றைய இட்லியைவிட சாஃப்டர் என்று நான் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைய யார்கூட வெச்சுப் பாக்கப் போற, அதையும் இப்பவே சொல்லிடு."

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒப்பிட ஆரம்பித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. என் சம்பளம், சென்னைப் பெண்ணின் சம்பளம். என் வீடு, என் தங்கை வீடு. என் கால், அந்தச் சின்னப் பெண்ணின் கால். எல்லாவற்றிலும் எனக்கு 'லெஸ்' என்றே வந்து முடிந்தது. ஒப்பிடாமல் இருந்த வரைக்கும் நிம்மதியாகத்தானே இருந்தேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

இரண்டாவது பரீட்சை. இந்தத் தடவை ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள். திரையின் மூலையில் இன்னொரு சின்னக் கட்டம் கறுப்பாக இருந்தது. முகம் இல்லை, ஒரு எழுத்து மட்டும் தெரிந்தது. யாரோ தோழியாக இருக்கும், நெட் சரியில்லாமல் நின்றுவிட்டது என்று நினைத்தேன். சென்னைப் பெண் என் பின்னால் நின்றாள். முதலாளியும் வந்து கதவோரம் நின்றார்.

ஒரு வாடாமல்லிச் சேலை, ஒரு தேன் நிறச் சேலை. பெண்ணின் கண் வாடாமல்லிமேல்தான் இருந்தது, அது குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் இரண்டையும் மாறி மாறிக் காட்டச் சொன்னாள். பிறகு கேட்டாள், எது பெட்டர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன். திஸ் ஒன் இஸ் பெட்டர், மேம். பிரைட்டர், ரிச்சர், சாஃப்டர். வாடாமல்லியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு பழகிவிட்டதே. தட் ஒன் இஸ் டல்லர், என்று தேன் நிறத்தைத் தள்ளி வைத்தேன். ஓல்டர் லுக், என்றும் சொன்னேன். பின்னால் சென்னைப் பெண் என் தோளில் லேசாகத் தட்டினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது அந்தக் கறுப்புக் கட்டம் பேசியது. நடு வயசுப் பெண் குரல், சுத்தமான நம்மூர்த் தமிழ்.

"அந்தத் தேன் கலரு நான் பார்த்து எடுத்து வைக்கச் சொன்னது. நாங்க எடுத்துக் குடுக்கற சேலை உங்களுக்கு டல்லா தெரியுதா?"

மாப்பிள்ளையின் அம்மா. கேமராவை அணைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடையில் என்றால் அவர் எனக்கு எதிரே, பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்திருப்பார். முகத்தைப் பார்த்தே எந்தச் சேலையில் அவர் மனசு நிற்கிறது என்று தெரிந்துகொண்டிருப்பேன். கறுப்புக் கட்டத்தில் எதைப் பார்ப்பது? பெண்ணின் அம்மா, நாங்கள் அப்படி நினைக்கவில்லை சம்பந்தி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெண், அத்தை அத்தை என்றாள். கறுப்புக் கட்டம் மறைந்தது. பிறகு அவர்களும் மறைந்தார்கள். திரையில் நான் மட்டும், வட்ட விளக்கு கண்ணில் எரிய, கையில் வாடாமல்லியோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பிடாததற்கு ஒரு தடவை தோற்றேன், ஒப்பிட்டதற்கு ஒரு தடவை தோற்றேன். யார்மேல் கோபப்படுவது சொல்லுங்கள். சென்னைப் பெண் பாவம், அக்கா நானும் அந்தக் கட்டத்தைக் கவனிக்கவில்லை என்று மன்னிப்பே கேட்டாள். அந்தச் சின்னப் பெண்மேலாவது கோபப்படலாம் என்றால் அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த நாள் அவளுடைய பரீட்சை நடந்தது, நானே கீழிருந்து சேலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன், நின்று கேட்டேன். அவளிடமும் எது பெட்டர் என்றுதான் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை. காலை வெயிலில் மணையில் உட்கார இது பெட்டர், சாயங்காலம் ரிசப்ஷன் விளக்குக்கு அது பெட்டர் என்றாள். எந்தச் சேலையும் கீழே இறங்கவில்லை, இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் நன்றாகவே செய்தாள். நாற்காலியை அவளுக்குக் கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு இல்லைதான். ஆனால் என் கால் என்ன ஆவது?

மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் முதலாளியிடம் போனேன். மேல்மாடி வேண்டாம், குடோனில் விலைச் சீட்டு ஒட்டுகிற வேலையாவது கொடுங்கள், உட்கார்ந்து செய்வேன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காபி வாங்கிவரச் சொல்லட்டுமா என்றார். பிறகு என்னைப் புகழ ஆரம்பித்தார்.

"உன்ன மாதிரி சேலை காட்டற ஆளு இந்தத் தெருவுலயே கிடையாது. இருக்கறதுலயே நீதாம்மா பெஸ்ட். உன்னப் போய் குடோன்ல போடுவனா?"

குட் தாண்டி, பெட்டர் தாண்டி, பெஸ்ட். அந்த வார்த்தைக்கு எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். அது எனக்கு வந்து சேர்ந்தபோது, அதனாலேயே இனிமேலும் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. கொஞ்சம் மோசமானவளாக இருந்திருந்தால் உட்கார வைத்திருப்பார்கள் போல. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்து முழங்கால்வரை தூக்கினேன். இரண்டு காலையும் அவருக்கு எதிரே சேர்த்து வைத்தேன்.

"இந்தக் காலப் பாருங்க மொதலாளி. இந்தக் காலையும் பாருங்க. எது பெட்டர், சொல்லுங்க."

இடது கால் வலது காலைப்போல ஒன்றரைப் பங்கு இருந்தது. நரம்பு கறுத்துப் புடைத்து, கணுக்கால் எலும்பே தெரியவில்லை. அவர் ஒரு நொடி பார்த்தார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார்.

"சேலைய எறக்குமா. கஸ்டமர் பாக்கறாங்க."

பார்க்கட்டும் என்றேன். கடை ஆட்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே, அதையும் பார்க்கட்டும் என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கவுன்டரில் இருந்தவர்கள் எல்லாரும் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் சேலையை இறக்கிவிட்டு என் இடத்துக்குப் போய் நின்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வேலையும் போகவில்லை, அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. என் கவுன்டருக்குப் பின்னால் போட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கஸ்டமர் இல்லாதபோது உட்கார்ந்துகொள்ளலாம், வந்தால் எழுந்துவிட வேண்டும்.

கல்யாண மாதத்தில் முகூர்த்தச் சேலைக் கவுன்டரில் கஸ்டமர் இல்லாத நேரம் எது என்று முதலாளிக்குத் தெரியாதா? ஒரு வீட்டார் எழுந்தால் அடுத்த வீட்டார் அதே நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் உட்காருவார்கள். அவர்களுக்கு விரித்ததை மடிக்க வேண்டும், மடித்ததை அலமாரிக்குப் போகிறவரை எங்கேயாவது வைக்க வேண்டும். கவுன்டர் முழுக்கச் சேலை. யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியாது, வேண்டுமென்று வைத்ததும் இல்லை, கை போகிற இடத்தில் ஸ்டூல் இருந்தது, வைத்துவிட்டார்கள். மதியத்துக்குள் ஸ்டூலின்மேல் என் இடுப்பு உயரத்துக்குச் சேலை ஏறிவிட்டது. எடுத்துக் கீழே வைக்கவும் முடியாது. முகூர்த்தச் சேலையைத் தரையில் வைப்பது எங்கள் கடையில் மட்டும் இல்லை, எங்கள் ஊரிலேயே நடக்காத காரியம். வந்த ஸ்டூலில் சேலை சொகுசாக உட்கார்ந்திருந்தது. நான் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றும் நின்றேன், அடுத்த நாளும் நின்றேன், அந்த வாரம் முழுக்க நின்றேன்.

ஒரு சாயங்காலம் மாகறலிலிருந்து இரண்டு வீட்டாரும் சேர்ந்து பெரிய கூட்டமாக வந்தார்கள். கேட்டுக் கேட்டு, விரித்து விரித்து, காலில் உணர்ச்சியே போய்விட்டது. விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. நான் எதையும் யோசிக்கவில்லை. ஸ்டூலில் இருந்த அடுக்கை இரண்டு கையாலும் வாரி எடுத்தேன், அப்படியே உட்கார்ந்தேன், அடுக்கை மடியில் வைத்துக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு பட்டுச் சேலை. தொடை இரண்டும் நசுங்குகிற கனம். இருந்தாலும் பாதத்திலிருந்து பாரம் இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அரக்கைக் காட்டும்மா என்றார். மடியிலிருந்தே உருவிக் கவுன்டர்மேல் போட்டேன். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துவிட்டார். முதலில் கண்ணைக் காட்டினார். பிறகு உள்ளங்கையை மேலே தூக்கி, எழுந்திரு என்று சைகை செய்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவர் எழுந்து வந்தார். கவுன்டருக்கு அந்தப் பக்கம், இரண்டு வீட்டாருக்கும் நடுவில் நின்றுகொண்டு, சிரித்த முகத்தோடு, எழுந்து காட்டும்மா என்றார்.

"மடியில முகூர்த்தச் சேலை இருக்குது மொதலாளி. எழுந்தா தரையில விழும்."

இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, வேண்டாம், நீ உட்காரும்மா என்றார்கள்.